விபத்து நடந்து மாதங்கள் போய்விட்டதா? ஒன்ராறியோவில் காப்புறுதிக்குப் பிந்தி விண்ணப்பிப்பது எப்படி

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பூட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் அக்கா கடைப்பை ஒன்றோடு உள்ளே வந்தார். நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு பிசியோ கிளினிக்கின் முன்மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பைக்குள் மருந்துச் சிட்டைகள், எக்ஸ்ரே கவர் ஒன்று, வேறோர் இடத்தில் கைக்காசு கொடுத்துப் போன ஒன்பது பிசியோ பற்றுச்சீட்டுகள். விபத்து நடந்தது நவம்பர் முதல் வாரம். தம்பி கார் ஓட்டியிருக்கிறார், இவர் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறார். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த வாகனம் இடித்திருக்கிறது. பையை மேசையில் வைத்துவிட்டு, "நாலரை மாசம் போட்டுது தங்கச்சி, இனி ஒண்டும் செய்யேலாது என்ன?" என்றார்.

செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் இல்லை. எது இன்னும் கைக்கு வரும், எது போனது போனதுதான் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் லோயர் இல்லை. கிளினிக் மேசையில் ஏழு வருடம் இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டியவள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்ப்போம்

எங்கள் ஆட்கள் பிந்துவதற்கு முதல் காரணம் படிவமோ ஆங்கிலமோ இல்லை. "கிளெய்ம் பண்ணினால் இன்சூரன்ஸ் ஏறும்" என்ற பேச்சுத்தான். அந்த அக்காவின் தம்பியும் அதைத்தான் சொல்லித் தடுத்திருந்தார்.

ஒன்ராறியோவில் விபத்து நன்மைகள் என்பது 'நோ-ஃபோல்ட்' முறை. யாரிலும் பிழை இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. யாரில் பிழை என்று பார்க்காமல், காயப்பட்டவருக்கு அவர் பக்கத்துக் கொம்பனியே சிகிச்சைச் செலவைக் கொடுக்கும் என்பதே பொருள். பிழை யாருடையது என்பதைத் தனி விதிகள் தீர்மானிக்கின்றன. கட்டணம் ஏறுவது அந்தப் பிழையை வைத்துத்தான், நீங்கள் பிசியோவுக்குப் போனதை வைத்து இல்லை. சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்தவர் இடித்தால், நின்ற காருக்காரரில் பிழை போடமாட்டார்கள்.

ஓட்டியவர் மட்டுமல்ல, உள்ளே இருந்தவர், நடந்து போனவர், சைக்கிளில் போனவர் எல்லாருக்கும் இந்த உரிமை உண்டு. கனடாவைச் சுற்றிப்பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் உண்டு. ஒரு விலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்: பொதுப் பேருந்தில் போகும்போது, பேருந்து எதிலும் மோதாமல் சடாரென்று பிரேக் போட்டு நீங்கள் விழுந்தால், இந்த நன்மைகள் கிடைக்காது. 2011 இல் சட்டத்தை அப்படி மாற்றிவிட்டார்கள்.

கிடைக்கக்கூடியது எவ்வளவு? சிறு காயம் என்று வகைப்படுத்தினால் சிகிச்சைக்கு 3,500 டொலர் வரை. அதைத் தாண்டிய காயங்களுக்கு, மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு மூன்றும் சேர்த்து 65,000 டொலர் வரை. மிகக் கடுமையான பாதிப்பு என்றால் பத்து இலட்சம். வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 70 வீதம், அதுவும் வாரம் 400 டொலருக்கு மேல் போகாது, முதல் கிழமைக்கும் கிடையாது. 2026 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் பாலிசிகளில் சம்பள இழப்பு போன்றவை விருப்பத் தேர்வுகள். மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு மட்டுமே கட்டாயம். ஆகவே உங்கள் பாலிசியில் எது இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

பிந்துவதில் இரண்டு வகை

இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகு.

ஒரு வகைப் பிந்தல் காரணம் கேட்கும். விபத்தைக் கொம்பனிக்கு அறிவிக்க 7 நாள், படிவம் கையில் கிடைத்த பிறகு நிரப்பி அனுப்ப 30 நாள் என்று ஒன்ராறியோவின் விபத்து நன்மை விதிகள் சொல்கின்றன. இவை கடந்துவிட்டாலும், ஏற்றுக்கொள்ளக்கூடிய விளக்கம் இருந்தால் உரிமை போகாது என்று அதே விதிகளின் 34 ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. 'ஏழு நாள் போய்விட்டது, எல்லாம் முடிந்தது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்ற வகையில் எந்தக் காரணமும் எடுபடாது, அந்தக் காலத்துக்குரிய காசு அப்படியே போய்விடும். சிகிச்சைத் திட்டம் (என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்று கிளினிக் கொம்பனிக்கு அனுப்பும் படிவம்) அனுப்புவதற்கு முன் எடுத்த சிகிச்சை, இயலாமைச் சான்றிதழ் (காயத்தால் வேலை செய்ய முடியாது என்று டொக்டரோ பிசியோவோ நிரப்பும் படிவம்) கொடுப்பதற்கு முன் போகாமல் விட்ட வேலை, இரண்டும் இந்த வகை. இங்கே பிந்திய ஒவ்வொரு கிழமைக்கும் விலை உண்டு. அதனால்தான் விளக்கக் கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டு இரண்டு கிழமையைப் போக்குவது புத்தி இல்லை. விளக்கம் பின்னால் வரலாம், சான்றிதழும் திட்டமும் முன்னால் போகவேண்டும்.

படி 1: இன்றைக்கே அழையுங்கள்

நாளைக்கு இல்லை. எந்தக் கொம்பனி என்பதில் குழப்பம் இருந்தாலும் பரவாயில்லை. தொலைபேசியில் அழைத்து, இன்ன திகதியில் விபத்து, எனக்குக் காயம், விபத்து நன்மைகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், படிவங்களை அனுப்புங்கள் என்று சொன்னால் போதும். கோரிக்கை எண் ஒன்று தருவார்கள். கதைத்தவரின் பெயர், நேரம், எண் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அன்றே அதையே மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். ஐந்து மாதம் கழித்து யார் எப்போது அழைத்தார்கள் என்று பிரச்சினை வரும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

அந்த 7 நாள், விபத்து நடந்த நாளில் இருந்து என்று விதியில் இல்லை. உரிமைக்குக் காரணமான சூழ்நிலை எழுந்த பிறகு 7 ஆம் நாளுக்குள், அது முடியாவிட்டால் முடிந்த அளவு விரைவில் என்றுதான் இருக்கிறது. கழுத்துநோ மூன்று கிழமை கழித்துத் தலைகாட்டியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படியானால், நோ தொடங்கிய திகதியை நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

படி 2: எந்தக் கொம்பனி?

இங்கே பலர் சறுக்குவார்கள். தம்பியின் காரில்தானே இருந்தோம், தம்பியின் கொம்பனிதானே தரும் என்று தோன்றும். ஆனால் வரிசை வேறு. முதலில் உங்கள் பெயரில் பாலிசி இருக்கிறதா, அல்லது உங்கள் கணவர், மனைவி, நீங்கள் தங்கி வாழ்பவர் யாருடைய பாலிசியாவது உங்களையும் மூடுகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால்தான் நீங்கள் இருந்த வாகனத்தின் கொம்பனி. அதன் பிறகே விபத்தில் சம்பந்தப்பட்ட மற்ற வாகனங்கள். எதுவுமே இல்லாவிட்டால் மாகாண அரசின் மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கை நிதியம்.

அந்த அக்காவின் கணவரிடம் கார் இருந்தது. ஆகவே விபத்து நேரம் வீட்டில் நித்திரை கொண்டிருந்த கணவரின் கொம்பனிதான் கொடுக்கவேண்டும். அக்காவுக்கு இதைச் சொல்லி நம்பவைக்கவே எனக்கு அரை மணித்தியாலம் போனது.

மாறி அனுப்பிவிட்டாலும் தலை போகாது. நிரப்பிய விண்ணப்பம் முதலில் எந்தக் கொம்பனிக்குக் கிடைக்கிறதோ அது கொடுக்கத் தொடங்கவேண்டும். யார் கடைசியில் கொடுப்பது என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். அதற்காக உங்களைக் காக்கவைக்கக்கூடாது.

படி 3: விண்ணப்பப் படிவம்

ஓசிஎஃப் (OCF) என்றால் ஒன்ராறியோக் கோரிக்கைப் படிவம். அதில் ஓசிஎஃப்-1 என்பதுதான் விண்ணப்பம். கூடவே வேலை கொடுப்பவர் நிரப்பும் ஓசிஎஃப்-2, டொக்டர் அல்லது பிசியோ நிரப்பும் இயலாமைச் சான்றிதழான ஓசிஎஃப்-3, மருத்துவத் தகவலைக் கொடுக்க அனுமதிக்கும் ஓசிஎஃப்-5 எல்லாம் ஒரு கட்டாக வரும். கவர் வந்த திகதியை அதன் முதுகிலேயே எழுதுங்கள். 30 நாள் அந்த நாளில் இருந்துதான் ஓடுகிறது, விபத்தில் இருந்து இல்லை.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "சைன் பண்ணிட்டுப் போங்கோ, நாங்கள் நிரப்புறம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் இடங்கள் இருக்கின்றன. உங்களுக்கு இல்லாத முதுகுநோ, போகாத சிகிச்சை எல்லாம் அதில் ஏறிவிடலாம். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

படிவத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் கொம்பனி 10 வேலைநாளுக்குள் சொல்லவேண்டும். பிந்தி அறிவித்தவருக்குச் சரியான விளக்கம் இல்லையென்றால், முடிவெடுப்பதை 45 நாள் வரை தள்ளிவைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த 45 நாளும் முழு விண்ணப்பம் கிடைத்த பிறகுதான் எண்ணப்படும். ஆகவே அரைகுறையாக அனுப்பினால் நட்டம் உங்களுக்கு.

படி 4: விளக்கக் கடிதம்

கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

ஏற்றுக்கொள்ளக்கூடிய விளக்கம் என்றால் என்ன என்பதற்கு 2003 இல் வந்த ஒரு நடுவர் தீர்ப்பை இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் சாரம் இது. முதலில் விளக்கம் நம்பக்கூடியதாக இருக்கவேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. சட்டம் தெரியாது என்பது மட்டும் போதாது. அந்த மனிதரின் நிலையில் இருக்கும் ஒரு நியாயமான ஆள் எப்படி நடந்திருப்பார் என்று பார்ப்பார்கள். அதாவது மொழி, வயது, உடல்நிலை எல்லாம் கணக்கில் வரும். பிந்தியதால் கொம்பனிக்கு என்ன பாதிப்பு, மறுத்தால் உங்களுக்கு என்ன கஷ்டம் என்பதையும் தராசில் வைப்பார்கள். கொம்பனிக்குப் பாதிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து விளக்கம் சரியாகிவிடாது.

அக்கா முதலில் தன் மகளைக்கொண்டு எழுதுவித்த கடிதம் மூன்று வரி: எனக்கு இந்த விதிகள் தெரியாது, எனக்கு ஆங்கிலம் குறைவு, பிந்தியதற்கு மன்னிக்கவும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அட்ஜஸ்டர், அதாவது கொம்பனியில் கோரிக்கையைப் பார்ப்பவர், பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. திகதி இல்லை, ஆள் இல்லை, தாள் இல்லை. 'சட்டம் தெரியாது' என்ற, செல்லாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்ட காரணத்தைத்தான் முதல் வரியிலேயே வைத்திருந்தார்.

பிறகு இரண்டு பேரும் மேசையில் இருந்து, பையில் இருந்த தாள்களைத் திகதி வரிசையில் அடுக்கி, மறுபடி எழுதினோம். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"நவம்பர் 6 விபத்து நடந்தது. அன்றிரவு வேலைக்குப் போனேன். அப்போது கழுத்து விறைப்பு மட்டும் இருந்தது. நவம்பர் 9 ஃபமிலி டொக்டரிடம் போனேன். இரண்டு மூன்று கிழமையில் மாறும் என்று சொல்லி நோக் குளிசை எழுதித் தந்தார். சிட்டை 1. மாறும் என்று நம்பியதால் காப்புறுதியிடம் போகவில்லை. டிசம்பர் 14 இடது கை விறைக்கத் தொடங்கியது. ஜனவரி 5 டொக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தாள் 2. காரின் சொந்தக்காரர் என் தம்பி. கோரிக்கை போட்டால் தன் கட்டணம் கூடும் என்று அவர் நம்பியதால், நான் ஒன்பது முறை சொந்தக் காசில் பிசியோவுக்குப் போனேன். பற்றுச்சீட்டுகள் 3 முதல் 11 வரை. எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். நான் காரில் இருந்தவள் மட்டுமே என்பதால் எனக்கென்று தனி உரிமை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மார்ச் 21 வேறொரு கிளினிக்கில் இதை முதல்முறை கேள்விப்பட்டேன். மறுநாள் காலை 9.40 க்கு உங்களை அழைத்தேன்."

வித்தியாசம் தெரிகிறதா? முதல் கடிதம் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது கடிதம் ஒவ்வொரு மாதமும் ஏன் போனது என்று காட்டியது. டொக்டரின் குறிப்பும் அதையே சொல்லியது. கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்தது: தெரிய வந்த மறுநாளே அழைத்திருக்கிறார். தெரிந்த பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தால் முன்னைய நாலு மாத விளக்கமும் வலுவிழந்துவிடும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள். நினைவு தமிழில்தான் வரும். மொழிபெயர்த்தவர் யார் என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாத காரணத்தைச் சோடிக்கவேண்டாம். டொக்டரின் குறிப்பை அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் "ஒண்டுமில்லை டொக்டர், நல்லா இருக்கிறன்" என்று நீங்கள் மரியாதைக்குச் சொன்னது அப்படியே பதிந்திருக்கும். எங்கள் சனத்தின் இந்தப் பழக்கம் எத்தனை கோரிக்கையைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி மாளாது.

பொலிஸ் அறிக்கை இல்லையா? அம்பியுலன்ஸ் தாள், எமர்ஜென்சிப் பதிவு, கார் திருத்தக் கொடுத்த மதிப்பீடு, அன்று எடுத்த படம், தம்பிக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி எல்லாமே திகதி காட்டும்.

படி 5: சான்றிதழையும் சிகிச்சைத் திட்டத்தையும் முந்த விடுங்கள்

வேலைக்குப் போகாமல் இருந்தால் ஓசிஎஃப்-3 தான் அவசரம். நிரப்பிய சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னுள்ள காலத்துக்குச் சம்பள இழப்பு கிடையாது என்று 36 ஆம் பிரிவு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. அக்கா பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. வாரம் 520 டொலர். அதில் 70 வீதம் 364. டிசம்பர் கடைசியில் இருந்து ஆறு கிழமை நின்றுவிட்டு, முடியாமல் முடியாமல் திரும்பப் போயிருக்கிறார். முதல் கிழமையைக் கழித்தாலும் ஐந்து கிழமை, 1,820 டொலர். சான்றிதழ் இல்லாததால் அது கைவிட்டுப் போனது. எவ்வளவு நல்ல கடிதமும் அதைத் திருப்பித் தரவில்லை.

சிகிச்சைக்கும் இதே கதைதான். கிளினிக் ஓசிஎஃப்-18 என்ற சிகிச்சைத் திட்டத்தை அனுப்புவதற்கு முன் ஏற்பட்ட செலவுக்குக் கொம்பனி பொறுப்பில்லை. சிறு காயம் என்றால் ஓசிஎஃப்-23 என்ற வேறு தாள். உங்கள் கிளினிக்கிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எனக்கு எந்தப் படிவம் அனுப்பினீர்கள், எந்தத் திகதியில்?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு கிளினிக் பாருங்கள்.

திட்டம் கிடைத்து 10 வேலைநாளுக்குள் கொம்பனி பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் 11 ஆம் வேலைநாளில் இருந்து, பதில் தரும் வரை, திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு அவர்கள் கொடுக்கவேண்டும். சிறு காயம் என்ற வாதத்தையும் பிறகு எடுக்க முடியாது. ஆக, பிந்தினால் அவர்களுக்கும் தண்டனை உண்டு. கிளினிக்காரர் இந்த நாளைக் கவனிக்கிறாரா என்று நீங்களும் கவனியுங்கள்.

வீட்டில் குளிக்க, உடுக்க யாராவது உதவவேண்டிய அளவுக்குக் காயம் என்றால், பராமரிப்புத் தேவையை மதிப்பிடும் படிவம் 1 (இது ஓசிஎஃப்-1 இல்லை, வேறு தாள்) முதலில் போகவேண்டும். அதற்கு முந்திய செலவைக் கொம்பனி விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. விரும்பிக் கொடுத்த கொம்பனியை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 6: பையில் உள்ள பற்றுச்சீட்டுகளைப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு அனுப்பினால், எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் மறுப்பார்கள். மேசையில் கொட்டி நாலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், விபத்து நடந்து 5 வேலைநாளுக்குள் அவசரமாகப் பெற்ற சிகிச்சையும் அம்பியுலன்ஸும். இவற்றுக்கு முன்கூட்டிய திட்டம் தேவையில்லை. இரண்டாவது, டொக்டர் எழுதித் தந்த மருந்துகளும், ஒவ்வொன்றும் 250 டொலருக்கு உட்பட்ட பொருட்களும்: கழுத்துப் பட்டி, சூட்டு ஒத்தடப் பை மாதிரி. இவையும் நியாயமானவை, தேவையானவை என்றால் திட்டம் இல்லாமலே கேட்கலாம். இந்த இரண்டையும் செலவைக் கேட்கும் படிவமான ஓசிஎஃப்-6 இல் எழுதிப் பற்றுச்சீட்டோடு அனுப்புங்கள்.

மூன்றாவது குவியல், திட்டத்துக்கு முன் கைக்காசில் எடுத்த பிசியோ. அக்காவின் ஒன்பது சீட்டும் இதில் விழுந்தன. காப்புறுதியிடம் இதற்கு நம்பிக்கை குறைவு. ஆனால் தொழிற்சாலையில் அவருக்கு ஒரு சுகநலத் திட்டம் இருந்ததை யாரும் நினைக்கவே இல்லை. கேட்டுப் பார்த்தோம். ஒரு பகுதி அங்கே கிடைத்தது. அந்தத் திட்டங்களுக்கும் தனித் தவணை உண்டு, ஆகவே அதையும் இன்றைக்கே பாருங்கள்.

நாலாவது, விபத்தோடு சம்பந்தமே இல்லாதவை. அக்காவின் பையில் மகனின் பல் வைத்தியச் சிட்டை ஒன்றும் இருந்தது. தவறுதலாகப் போனாலும் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். எடுத்து வையுங்கள்.

படி 7: அவர்கள் கேட்பதைக் கொடுங்கள்

பிந்திய கோரிக்கை என்றால் கேள்வி கூடவே வரும். தகவல் கேட்டு எழுதினால் 10 வேலைநாளுக்குள் கொடுக்கவேண்டும். கொடுக்காத காலத்துக்குக் காசை நிறுத்தலாம். பிறகு கொடுத்தால் மறுபடி தொடங்கவேண்டும், பிந்தியதற்குக் காரணம் இருந்தால் நிறுத்தியதையும் கொடுக்கவேண்டும். தங்கள் வைத்தியரிடம் பரிசோதனைக்கு வரச்சொன்னால் போகாமல் இருக்காதீர்கள். அதைத் தவறவிட்டவர், கொம்பனியின் மறுப்பை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் (படி 8) போகும்போது வாசலிலேயே மறிக்கப்படலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மகனையோ மருமகளையோ கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைப்பது வசதிதான். ஆனால் அவர்கள் உங்கள் நோவைச் சுருக்கித்தான் சொல்வார்கள்.

படி 8: மறுத்தால்

மறுப்புக் கடிதம் வந்ததும் அழவேண்டாம், திகதியைப் பாருங்கள். மறுத்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் உரிம மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். லாட் என்று சுருக்கிச் சொல்வார்கள். 2016 ஏப்ரலில் இருந்து இந்த வழக்குகள் அங்கேதான். லோயரோ, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் உள்ள பராலீகலோ உங்களுக்காகப் போகலாம். அவரிடம் பெயரும் உரிமமும் கேட்டுச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

கடிதத்தின் மொழியையும் பாருங்கள். மறுப்பு தெளிவாக, சாதாரண மனிதருக்கு விளங்கும்படி, எங்கே எப்படி எதிர்க்கலாம் என்பதையும் காலக்கெடுவையும் சொல்லி வரவேண்டும் என்று 2002 இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி இல்லாத கடிதம் இரண்டு வருடக் கடிகாரத்தை ஓடவைக்காது.

இரண்டு வருடமும் போய்விட்டால்? அங்கேயும் ஒரு சிறு கதவு உண்டு. தீர்ப்பாயம் காலத்தை நீட்டலாம். நேரத்துக்குள் எதிர்க்கும் உண்மையான எண்ணம் இருந்ததா, எவ்வளவு பிந்தியது, எதிர்ப்பக்கத்துக்குப் பாதிப்பா, வழக்கில் வலு இருக்கிறதா என்ற நாலையும் பார்ப்பார்கள். உரிமையே பின்னால்தான் தெரிய வந்திருந்தால் இன்னொரு வழி. தெருவில் நடந்துபோகையில் அடிபட்டு, வருடங்கள் கழித்தே மிகக் கடுமையான பாதிப்பு என்று தீர்மானிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், தெரிய வராத உரிமைக்குக் கடிகாரம் ஓடமுடியாது என்று 2019 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதெல்லாம் லோயர் இல்லாமல் தொடவேண்டிய இடம் இல்லை.

இடித்தவர் மேல் வழக்குப் போடுவது முற்றிலும் வேறு விசயம். அதற்கு 120 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல், இரண்டு வருடத்துக்குள் வழக்கு. காயம் பெரிது என்றால் இதையும் முதல் சந்திப்பிலேயே லோயரிடம் கேளுங்கள்.

அக்காவின் கோரிக்கையைக் கொம்பனி ஏற்றுக்கொண்டது. கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எடுத்த சிகிச்சைக்குக் காசு வந்தது, 1,820 டொலர் வரவில்லை, ஒரு சிகிச்சைத் திட்டத்தை ஆகஸ்டில் மறுத்தார்கள். அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் நகைக்கடைக் கலண்டர் ஒன்று தொங்குகிறது. மறுப்பு வந்த திகதியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் "2 வருசம்" என்று எழுதச் சொன்னேன். நீங்களும் எழுதுங்கள். கலண்டர் மார்கழியோடு முடிந்துவிடும். புதியதை வாங்கி மாட்டும்போது அந்தத் திகதியை அதற்கு மாற்றி எழுத மறக்கவேண்டாம்.